மாரத்தான் முடித்தாயிற்று, மலையில் 50 கிலோமீட்டர் முடியுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். வயது 36. கோலாலம்பூரிலும் பினாங்கு பாலத்திலும் மாரத்தான் ஓடியிருக்கிறேன். நல்ல நேரம் 5 மணி 10 நிமிடம். கேமரன் மலையில் நடக்கும் 50 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மொத்த ஏற்றம் 2,800 மீட்டர். காலை 6 மணிக்குத் தொடக்கம், 16 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இன்னும் 18 வாரம் இருக்கிறது. போன வருடம் 25 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றில் 18-ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் இறக்கத்தில் இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. ஒரு மணி நேரத்தில் மூன்று ஜெல் (ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் சர்க்கரைக் குழம்புப் பொட்டலம்) சாப்பிட்டு வாந்தியும் எடுத்தேன். இப்போது விடியுமுன் தோட்டத்துச் சடக்கில் தனியாக வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறேன். அதை 90 ஆக்கினால் போதுமா? காலணிக்கு ஐந்நூறு அறுநூறு வெள்ளி போட வேண்டுமா, இங்கே மலை ஏறுகிறவர்கள் போடும் கம்போங் அடிடாஸ் ரப்பர் காலணி போதாதா? அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. அம்மா அதை நினைத்துப் பயப்படுகிறார்.

— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் சகோதரி. கடைசியாக எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர்கள் அதைக் குடும்பவழி ஆபத்தாகவே கணக்கில் எடுப்பார்கள். இரண்டு மாரத்தான் ஓடியது நல்ல அறிகுறிதான், ஆனால் அது பரிசோதனைக்கு ஈடாகாது. பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் கொழுப்புச் சோதனை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ஈசிஜி எல்லாம் பாருங்கள். அப்பாவின் கதையைச் சொல்லி, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கும் இதயச் சோதனை தேவையா என்று டாக்டரையே கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள்; நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்பு குறைவது சாதாரணம், ஏற்றத்தில் காரணமில்லாமல் மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ, அன்றைய ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. டாக்டர் சரி என்று சொல்லும் வரை மறுபடி ஓடக்கூடாது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. 60-ஐ 90 ஆக்காதீர்கள். தோட்டத்துச் சடக்கில் கூடுதலாக 30 கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சடக்கில் நன்றாக ஓடுவீர்கள். கேமரனில் தொடை மறுபடியும் அதே இடத்தில் கல்லாகும். உங்களுக்குக் குறைவது தூரம் இல்லை, இறக்கம். இந்த 18 வாரமும் கிலோமீட்டரை எண்ணாதீர்கள். எத்தனை மணி நேரம் காலில் நின்றீர்கள், எத்தனை மீட்டர் இறங்கினீர்கள் என்ற இரண்டை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மலை ஓட்டங்களை அளக்க உலக அளவில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக எண்ணித் தூரத்தோடு கூட்ட வேண்டும். உங்கள் ஓட்டம் 50-உடன் 28 சேர்ந்து 78 ஆகிறது. நடைக்கு இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்தது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி 50 கிலோமீட்டருக்குப் 10 மணி, 2,800 மீட்டருக்கு ஏறத்தாழ 4 மணி 40 நிமிடம், ஆக 14 மணி 40 நிமிடம். நல்ல பாதையில் சீராக நடப்பவருக்கான கணக்கு இது. கேமரனின் பாசிக் காட்டில் வேரும் சேறும் அதை இன்னும் இழுக்கும். 16 மணி நேரக் கெடு என்றால் சராசரி மணிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். படித்தால் சிரிப்பு வரும் வேகம், ஆனால் கெடுவில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் மெதுவாக ஓடியதால் தவறுவதில்லை. பாதி வழியில் தொடை போய், பின்பாதி இறக்கத்தையெல்லாம் பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்து இறங்குவதால்தான் தவறுகிறார்கள்.

இறங்கும்போது தொடையின் முன் தசை உங்கள் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பது தசை நார்களை அதிகமாகக் கிழிக்கும். மூச்சு வாங்காது, இதயம் வேகமாக அடிக்காது, அதனால் சேதம் ஆகிறது என்பதே தெரியாது. தெரியும்போது 18-ஆவது கிலோமீட்டர் ஆகியிருக்கும். நல்ல செய்தி என்னவென்றால் தசை இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை நன்றாக இறங்கி மூன்று நாள் வலித்த கால், இரண்டு வாரம் கழித்து அதே இறக்கத்தில் பாதிகூட வலிக்காது. அந்தப் பாதுகாப்பு பல வாரம் நிற்கும். ஆகவே இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குக் கேமரன் வரை போக வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி முக்கி ஏறுகிற மேடு ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அடியிலிருந்து உச்சிக்கு 30, 40 மீட்டர் உயரம் இருந்தால் போதும். பத்துத் தடவை ஏறி இறங்கினால் 300, 400 மீட்டர். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் உயரத்தைத் தவறாகக் காட்டலாம். அதனால் எப்போதும் அதே மேட்டை வைத்துக்கொண்டு தடவைகளை எண்ணுங்கள். ஏறும்போது வேகமாக நடங்கள், இறங்கும்போது ஓடுங்கள். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 300-இல் தொடங்கி 600 மீட்டர் இறக்கம் வரை வாருங்கள். அடுத்த ஆறு வாரம் 800-லிருந்து 1,200. பதினொன்று முதல் பதினான்காம் வாரம் வரை 1,400-லிருந்து 1,800. பதினைந்தாம் வாரம் சனி, ஞாயிறு இரண்டும் சேர்த்து 2,000. ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்; குறைக்கிற வாரத்தில்தான் கால் தேறும், அதைத் தவறவிடாதீர்கள். கடைசிப் பெரிய இறக்கம் ஓட்டத்துக்கு 12 முதல் 14 நாள் முன்பு. அதற்குப் பிறகு மேட்டுப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு தடவை ஈப்போ பக்கம் கிளேடாங் மலைக்குப் போங்கள். உச்சி 808 மீட்டர். தார்ச்சாலையும் உண்டு, காட்டுப்பாதையும் உண்டு. காட்டுவழி ஏறி, தார்ச்சாலையில் இறங்கினால் கெட்டியான தரை தொடையை அடிக்கும் அடிக்குப் பழக்கம் வரும். அடுத்த முறை காட்டுவழியிலேயே இறங்குங்கள், அது கணுக்காலுக்குப் பாடம். ஒரே நாளில் இரண்டு சுற்று முடித்துவிட்டு, மறுநாள் மாடிப்படியைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால் பயிற்சி சரியான வழியில் போகிறது என்று அர்த்தம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் இருக்கும் மலைகளுக்கு மாநில வனத்துறையின் பெர்மிட் வேண்டும்; கேமரனில் சில பாதைகள் அவ்வப்போது மூடப்படுவதும் உண்டு. கிளம்புமுன் கேட்டுவிட்டுப் போங்கள்.

இறங்கும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, காலை முன்னே நீட்டி, குதிகாலால் பிரேக் போட்டு இறங்குவதுதான் பலரின் வழக்கம். ஒவ்வோர் அடியும் முழு எடையோடு தொடையில் விழுகிறது. செம்மண் ஈரமாக இருந்தால் வழுக்கியும் விடும். அடி சிறியதாக, வேகமாக, பாதம் இடுப்புக்கு நேர்கீழே விழும்படி வையுங்கள். முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும். கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொள்ளுங்கள். பார்வை காலடியில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னே. வேரை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். நனைந்த வேரில் எந்தக் காலணியும் பிடிக்காது. செம்மண் சடக்கின் நடுவில் லாரி டயர் மெழுகிவிட்ட வழவழப்பு இருக்கும், ஓரத்துப் புல்லில் இறங்குங்கள்.

தசைக்கு வீட்டிலும் வேலை கொடுக்க வேண்டும். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். சுமார் 20 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்கித் தரையைத் தொட்டுத் திரும்புங்கள்: ஒவ்வொரு காலுக்கும் 12, மூன்று சுற்று. முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். பிறகு குதிகாலைத் தூக்கும் பயிற்சி, முழங்காலை நீட்டி 15, மடக்கி 15, மூன்று சுற்று. நான்காம் வாரத்திலிருந்து முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு செய்யலாம்.

வாரத்தின் அமைப்பு உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி இருக்கட்டும். செவ்வாய் 50 நிமிடம் இலேசான ஓட்டமும் படிப் பயிற்சியும், வியாழன் மேடு, வெள்ளி மனம் இருந்தால் 40 நிமிடம், சனி நீண்ட பயணம், ஞாயிறு களைத்த காலோடு ஒன்றரை மணி நேரம். படிப் பயிற்சியின் இரண்டாம் நாளை ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைப் பயணம் இரண்டரை மணியில் தொடங்கி பதினைந்தாம் வாரம் ஏழு மணி நேரம் வரை போகட்டும். அதற்கு மேல் வேண்டாம். பத்து மணி நேரப் பயிற்சி உடம்புக்குக் கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வது அதிகம். கடைசி மூன்று வாரத்தில் மொத்த நேரத்தை முக்கால், அரை, கால் என்று இறக்குங்கள்.

வாந்திக்கு வருகிறேன். தொடைக்கு அடுத்தபடியாக இந்த ஓட்டத்தை முடிப்பதும் முடிக்காததும் வயிற்றின் கையில்தான் இருக்கிறது. ஒரு ஜெல்லில் பொதுவாக 22 முதல் 25 கிராம் மாவுச்சத்து. ஒரு மணி நேரத்தில் மூன்று என்றால் 66 முதல் 75 கிராம், அதுவும் போதிய தண்ணீர் இல்லாமல் போயிருக்கும். ஓடும்போது இரத்தம் காலுக்கும், வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கும் போய்விடுகிறது. குடலுக்கு மிச்சம் குறைவு. கெட்டியான சர்க்கரைக் குழம்பு வயிற்றிலேயே தங்கும். மேலே இறக்கத்தின் குலுக்கல். வாந்தி வராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு ஜெல்லோடும் 150, 200 மில்லி வெறும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். சாப்பிடுவதை ஏற்றத்தில், நடக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு எதுவும் வேண்டாம்.

குடலையும் காலைப் போலவே பழக்க வேண்டும். முதல் மூன்று வாரம் சனிக்கிழமைகளில் மணிக்கு 30 கிராம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 10 கிராம் கூட்டி 50, முடிந்தால் 60 வரை வாருங்கள். 14 மணி நேரத்துக்கு மணிக்கு 50 கிராம் என்றால் 700 கிராம் மாவுச்சத்து. அத்தனையும் ஜெல்லாகச் சாப்பிட எந்த வாயும் சம்மதிக்காது. ஆறாவது மணியில் இனிப்பு என்றாலே குமட்டும். வீட்டுச் சாமான்களையே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிசாங் மாஸ் வாழைப்பழம் ஏறத்தாழ 12 கிராம், சிறிய பேரீச்சம்பழம் ஒன்று 5 அல்லது 6, அவித்த சர்க்கரைவள்ளி 100 கிராமில் 18 முதல் 20, சோறு 100 கிராமில் 28. நாசி இம்பிட்டை (அழுத்திக் கட்டியாக்கிய சோறு) சிறு சதுரமாக வெட்டி, உப்புத் தூவி, பிளாஸ்டிக்கில் சுற்றினால் முதுகுப்பையில் நசுங்காமல் வரும், இனிப்புக்கு மாற்றாகவும் இருக்கும். ஆனால் வேகவைத்த எதுவும் இந்த வெயிலில் மதியத்துக்கு மேல் நம்பத்தகாது. அதுவரைக்கு மட்டும் எடுத்துப் போங்கள். ஓட்டத்து அன்று காலை நாசி லெமாக் வேண்டவே வேண்டாம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றை மெதுவாக்கும், சம்பல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மூன்று மணிக்கே எழுந்து காயா தடவிய ரொட்டி மூன்று துண்டு, அல்லது கஞ்சி. பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்றைக்குப் புதிதாக வாயில் வைக்காதீர்கள்.

குடிக்கும் அளவை ஊகத்துக்கு விடாதீர்கள். கழிவறைக்குப் போய்வந்து, உடையில்லாமல் எடை பாருங்கள். வழக்கமான நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 62.0 கிலோ 61.1 ஆகி, இடையில் 400 மில்லி குடித்திருந்தால், வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். அவ்வளவையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை, குடிக்கவும் முடியாது. தாகத்தைக் கேட்டு மணிக்கு 400 முதல் 700 மில்லி. உடல் எடையில் இரண்டு மூன்று சதவீதம் குறைவது இயல்பு. எடை கூடினால்தான் ஆபத்து. மெதுவாகப் போகிறவர்கள் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கடமைக்குக் குடித்துக்கொண்டே போய் இரத்தத்தில் சோடியத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். மோதிரம் இறுகி, விரல் வீங்கி, வயிற்றில் தண்ணீர் குலுங்கினால் குடிப்பதை நிறுத்திவிட்டு உப்பாக ஏதாவது கடியுங்கள்.

பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய 10 டீஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சை. ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியமும் 40 கிராம் சர்க்கரையும் கிடைக்கும். இதில் அரை லிட்டர், ஒரு ஜெல், ஒரு பிசாங் மாஸ் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கான 50 கிராம் தாண்டிவிட்டது. 100 பிளஸ் பானம் பிடிக்கும் என்றால் முதல் நாள் இரவே கேஸை வெளியேற்றிவிடுங்கள். லேபிளில் சர்க்கரை அளவைப் பார்த்துக் கணக்கில் சேருங்கள். ஒரு போத்தலில் வெறும் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் ஓட்டத்துக்கு முன்பும் வேண்டாம், இடையிலும் வேண்டாம். நீர் குறைந்து, தசை சிதைந்து கிடக்கும் உடம்பில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கும்.

காலணி. கம்போங் அடிடாஸை மட்டமாகச் சொல்ல மாட்டேன். முழு ரப்பர், தண்ணீரை உறிஞ்சாது, அடியில் உள்ள குமிழ்கள் களிமண்ணில் அருமையாகப் பிடிக்கும். காட்டுப் பாதையில் சுமை தூக்குகிறவர்களும் வழிகாட்டிகளும் அதை விரும்பிப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர்கள் பாதம் பல வருடம் பழகியது. உள்ளே மெத்தை கிடையாது, காற்று புகாது, நீண்ட இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி விரல் நுனி மோதும். மழைநாள் மேட்டுப் பயிற்சிக்கு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், 50 கிலோமீட்டருக்கு வேண்டாம். காட்டுப்பாதைக் காலணி ஒன்று வாங்குங்கள். அடியில் 5 மில்லிமீட்டர் அளவு பற்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம், குதிகால் நகரக்கூடாது. மாலையில், ஓடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள், அப்போதுதான் பாதம் விரிந்திருக்கும். விலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கழிவு விலையில் கிடைக்கும் பழைய மாடல் பொருந்தினால் அதுவே போதும். நகத்தை நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின். எங்காவது சூடாக உறுத்தினால் அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவது வீண்வேலை.

மழைச் சட்டை விஷயத்தில் நீங்கள் எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். தோட்டத்து வெக்கையில் பழகியவர்களுக்குக் குளிர் ஆபத்து என்பது நம்பவே முடியாத செய்தி. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். 1,500, 2,000 மீட்டரில், நனைந்த பனியனோடு, காற்றில், சர்க்கரை தீர்ந்த உடம்பு சூட்டை இழந்துகொண்டே போகும். 2021 மே 22-இல் சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் காற்றும் குளிர்மழையும் வந்து 21 பேர் இறந்தார்கள். தேர்ந்த ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். காற்றுத் தடுப்புச் சட்டை அங்கே கட்டாயப் பொருளாக இல்லை. கேமரன் அவ்வளவு குளிராது, ஆனால் உடம்பு குளிரும் விதம் அதேதான். தையல் ஒட்டப்பட்ட மழைச் சட்டை, அலுமினியப் போர்வை, ஜிப் பையில் ஒரு காய்ந்த பனியன், விசில், முழு சார்ஜில் கைப்பேசி. நடுங்கத் தொடங்கினால் உடை மாற்றி, சர்க்கரை சாப்பிட்டு, நடையை நிறுத்தாமல் அடுத்த பந்தலுக்குப் போங்கள். ஒருவருக்கு நடுக்கம் நின்று பேச்சு குழறினால் அவர் தனியாக நகரக்கூடாது. யாருக்கு அப்படி ஆனாலும் உங்கள் நேரத்தைப் பார்க்காமல் நில்லுங்கள்.

6 மணிக்குத் தொடக்கம் என்றால் முதல் ஒரு மணி நேரம் இருட்டு, ஏழரைக்கு மேல் மறுபடி இருட்டு. 200 லுமென் தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் வேண்டும். தலையிலிருந்து விழும் ஒளியில் நிழலே தெரியாது, வேரும் மண்ணும் ஒரே தட்டையாகத் தோன்றும். சிறு டார்ச்சைக் கையில் இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஒவ்வொரு வேருக்கும் நிழல் விழும். இதையும் பயிற்சியில் பழகுங்கள்.

விடியுமுன் தனியாகத் தோட்டத்துக்குள் ஓடுவதை நினைத்தால் எனக்குக் கவலைதான். கூட ஒருவர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் எந்தப் பீல்டு வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பியதும் முகம் காட்டுங்கள். எந்தப் பீல்டில் களைக்கொல்லி அடிக்கிறார்கள் என்பதைப் பெரட்டு நேரத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது) மண்டோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். சடக்கின் நடுவில் விளக்கோடு ஓடுங்கள், அடுக்கிய மட்டைக் குவியலை ஒட்டிப் போக வேண்டாம். மட்டை முள் ஆழமாகக் குத்தினால் ஒடிந்த நுனி உள்ளே தங்கிவிடும். வீங்கினால் கிளினிக்குப் போங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். சாயங்காலப் பயிற்சியில் மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரவேண்டாம். செம்பனை மரத்தடி ஒதுங்கும் இடமே இல்லை.

ஓட்ட நாளில் முதல் பத்துக் கிலோமீட்டர் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போங்கள். ஏற்றம் எல்லாமே நடை, ஒன்றில்கூட ஓட வேண்டாம். ஊன்றுகோல் விதிமுறையில் அனுமதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம் சரி. பந்தலில் முதலில் போத்தலை நிரப்புங்கள், பிறகு சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். ஆறு பந்தலில் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கெடுவில் ஒரு மணி நேரம் போய்விட்டது. இடைக்கெடுக்களை ஒரு சீட்டில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள், ஆறாவது மணிக்கு மேல் மனக்கணக்கு வராது. வயிறு மறுபடி புரட்டினால் இருபது நிமிடம் மெதுவாக நடந்து, வாயை நனைக்கிற அளவு மட்டும் வெறும் தண்ணீர், ஒரு இஞ்சி மிட்டாய். அடங்கியதும் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள். வாந்தி எடுத்துவிட்டால் ஓட்டம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், பலருக்கு அதன் பிறகுதான் வயிறு தெளியும். ஆனால் தண்ணீரே இரண்டு மணி நேரமாகத் தங்கவில்லை என்றால் பந்தலில் மருத்துவ உதவியாளரிடம் போங்கள். தொடை முழுக்க வலிப்பது வேறு, முழங்காலில் ஓர் இடத்தில் கத்தி போலக் குத்தி நடையை நொண்டலாக்குவது வேறு. முதலாவதோடு போகலாம், இரண்டாவதோடு நிறுத்த வேண்டும்.

முடித்த பிறகு மூன்று நாள் தொடை வலிக்கும், மாடிப்படி கஷ்டம்தான். அதை நடை சரிசெய்யும். ஆனால் சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் வராமலே இருந்தாலோ, தசை சிதைந்த கழிவு சிறுநீரகத்தை அடைப்பதாக இருக்கலாம். அன்றிரவே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அட்டைக் கடியில் இரத்தம் வெகுநேரம் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். சேற்றிலும் ஓடையிலும் பட்ட கீறல்களைத்தான் அலட்சியம் செய்யக்கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் வரும், இங்கே கென்சிங் திக்குஸ் என்பார்கள். 2000-இல் சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் இறங்கிய வீரர்கள் பலருக்கு ஊர் திரும்பிய பிறகுதான் காய்ச்சல் வந்தது. பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும், சிலருக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் வந்தால் ஓடிய களைப்பு என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டில் சேற்றுத் தண்ணீரில் ஓடியதையும், எந்தத் தேதி என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.